கண்ண ஸ்கேன் பண்ணா மறதி நோய் தெரிஞ்சிடுமா டாக்டர்?

போன மாசம் ஒரு பொண்ணு அவங்க அப்பாவ கூட்டிட்டு வந்தாங்க, 72 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். போன்ல வந்த ஒரு வீடியோவ காட்டி "கண்ண ஸ்கேன் பண்ணாலே டிமென்ஷியா வரப்போறத சொல்லிடலாமாமே, அப்பாவுக்கு எடுத்துருங்க டாக்டர்"னாங்க. அவரு பக்கத்துல சிரிச்சிட்டே உக்காந்திருந்தாரு, "எனக்கு ஒண்ணுமில்ல சார், இதுதான் பயந்து சாகுது." இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது, அதான் எழுதறேன்.

வீடியோ முழுப் பொய் இல்ல. வயித்துக்குள்ள கரு வளரும்போது மூளையிலிருந்து மொட்டு மாதிரி கெளம்பி வர்றதுதான் விழித்திரை ஆகுது, பார்வை நரம்பும் மூளையோட சேர்ந்ததுதான், அதனால மண்டைய தொறக்காம மூளையோட ஒரு ஓரத்த பாக்கணும்னா கண்ணு வழியா பாக்கலாம். அல்சைமர்ல (மறதி நோய்லயே அதிகமா வர்ற வகை) இறந்தவங்களோட பார்வை நரம்புல இழைங்க குறைஞ்சு போயிருக்கறத 1986லயே எழுதிட்டாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு அத அளக்க வழி வந்தது ஓசிடின்னு ஒளிய வச்சு விழித்திரைய அடுக்கடுக்கா காட்டற ஸ்கேன் வந்தப்புறம்தான் (1991ல அமெரிக்கால எம்ஐடி யுனிவர்சிட்டில பண்ணது). தாடைய வச்சு உள்ள தெரியற புள்ளிய பாத்துட்டே இருந்தா போதும், ஊசி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, விழித்திரைல சுமார் 100 மைக்ரான் இருக்கற நரம்பு இழை அடுக்கு, அதாவது ஒரு தலைமுடி கனம், அதுல சில மைக்ரான் தேஞ்சாலும் காட்டிக் குடுத்துடும்.

2018ல இங்கிலாந்துல யூகே பயோபேங்க்னு ஒரு பெரிய ஆய்வுல 32,000 பேருக்கு மேல பாத்தாங்க, அந்த அடுக்கு மெல்லிசா இருந்தவங்க ஞாபக டெஸ்ட்ல கொஞ்சம் பின்தங்கி இருந்தாங்க, மூணு வருஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணப்ப மார்க் இறங்கினதும் அவங்கள்லதான் அதிகம். வீடியோக்காரங்க இத்தோட நிறுத்திக்கறாங்க.

ஆயிரக்கணக்கான பேரோட சராசரி வேற, என் முன்னாடி உக்காந்திருக்கற ஒருத்தர் வேற. அந்த அடுக்கு கிளாக்கோமால (பார்வை நரம்ப கெடுக்கற கண் நோய்) தேயும், மைனஸ் பவர் அதிகமா இருக்கறவங்களுக்கு மெல்லிசாவே தெரியும், வயசானாலும் குறையும். மெஷின் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் போட்டு குடுக்கும், சிவப்புன்னா ரொம்ப மெல்லிசுன்னு அர்த்தம், மைனஸ் 9 பவர் போடற ஒரு காலேஜ் பையனுக்கு ரிப்போர்ட் பூரா சிவப்பா வந்துச்சு, அவன் ஞாபகசக்தி என்னுதவிட நல்லாருக்கு. அதனால "மறதிக்கு கண் ஸ்கேன் பேக்கேஜ்"னு யாராவது வித்தா காச குடுக்காதீங்க. (மஞ்சள்ல இருக்கற குர்குமின், அல்சைமர்ல சேர்ற புரதப் படிவுல ஒட்டிக்கிட்டு மின்னும், அத வச்சு விழித்திரைல படிவ தேடற ஆராய்ச்சியும் 2011லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ்ல நடக்குது, உடனே மஞ்சப்பால் குடிச்சா மறதி வராதுன்னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க.)

எனக்கு கிளினிக்ல சந்தேகம் வர்றது ஸ்கேன பாத்து இல்ல. ஒரு அம்மா, 61 வயசு, பேங்க்ல வேல பாத்தவங்க, ஒரே வருஷத்துல மூணு கண்ணாடி மாத்திட்டு எங்கிட்ட வந்தாங்க. எல்லாரும் சரியாதான் பவர் போட்டிருக்காங்க, தனித்தனி எழுத்தா காட்டினா கடைசி வரி வரைக்கும் படிக்கறாங்க, ஆனா முழு வரியா குடுத்தா நடுவுல தொலைஞ்சு போறாங்க. டம்ளர் மேசைலயே இருக்கும், கை அதுக்கு பக்கத்துல போய் தடவும். எஸ்கலேட்டர்னா பயம், பாஸ்புக்ல எந்த வரி எந்தத் தொகைன்னு பிடிபடல. புரை இல்ல, கண்ணுல பிரஷர் இல்ல, விழித்திரை சுத்தம். ஞாபகமும் அப்போ நல்லாதான் இருந்துச்சு, அதனாலதான் வீட்ல யாருக்கும் தோணல. நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினேன், எம்ஆர்ஐல மூளையோட பின்பக்கம் சுருங்கியிருந்துச்சு. அல்சைமர்ல இப்படி பார்வைல ஆரம்பிக்கற ஒரு வகை இருக்கு, ஐம்பது அறுபது வயசுலயே வரும், இவங்க முதல்ல வந்து நிக்கறது பெரும்பாலும் கண்ணாடிக் கடைலதான். கண்ணு டெஸ்ட்ல எல்லாம் நார்மல், ஆனா "பார்வை சரியில்ல"ன்னு ஒருத்தர் சொல்லிட்டே இருந்தா பிடிவாதம்னு நெனைக்காதீங்க.

அந்த வாத்தியாருக்கு வர்றேன். ஓசிடி எடுத்தேன், கிளாக்கோமா இருக்கான்னு பாக்க, இல்ல. ரெண்டு கண்லயும் புரை நல்லா முத்தியிருந்துச்சு, அத யாரும் கேக்கவே இல்ல. 2022ல சியாட்டில்ல மூவாயிரம் பேர பாத்ததுல, புரை ஆபரேஷன் பண்ணவங்களுக்கு டிமென்ஷியா வந்தது சுமார் 30 சதவீதம் கம்மி. ஆபரேஷன்தான் காப்பாத்துச்சுன்னு இத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா 2024ல லான்செட் கமிஷன் (லான்செட் மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழு) சரி பண்ணாத பார்வைக் குறைவையும் டிமென்ஷியா வர்ற காரணங்க பட்டியல்ல சேத்துடுச்சு. மங்கலா தெரிஞ்சா பேப்பர் படிக்கறது நிக்கும், வெளிய போறது நிக்கும், மூளைக்கும் வேல குறையும்.

சொட்டு மருந்து போட்டு காத்திருந்தப்ப சும்மா பேச்சு குடுத்தேன். "காலைல என்ன சார் சாப்ட்டீங்க?" உடனே தலைய பொண்ணு பக்கம் திருப்பினாரு. எந்த பேங்க்ல பென்ஷன், பேரன் எந்த கிளாஸ், எது கேட்டாலும் சிரிச்சிட்டே அந்தப் பக்கம்தான் பாக்கறாரு, அந்தப் பொண்ணும் பழக்கத்துல டக்குனு பதில் சொல்லிடறாங்க. எனக்கு சந்தேகம் வந்தது இதுலதான். புரைக்கு தேதி குடுத்துட்டு நரம்பு டாக்டருக்கும் ஒரு லெட்டர் எழுதினேன், தைராய்டு, பி12 ரெண்டையும் பாத்துட்டு போங்கன்னேன், அது கம்மியா இருந்தாலும் மறதி வரும், சரி பண்ணவும் வாய்ப்பிருக்கு.

பி12 ரொம்ப கம்மின்னு ரிசல்ட் வந்திருக்கு, ஊசி ஓடுது. வலது கண் ஆபரேஷன் முடிஞ்சுது, இடது கண்ணுக்கு அடுத்த வாரம் வர்றாரு.