டிப்போ: சாலையா, பணிமனையா?

கிளிநொச்சியில் ஓட்டோக்காரரிடம் ‘டிப்போச் சந்தி’ என்றால் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். ‘சாலைச் சந்தி’ என்று சொல்லிப் பாருங்கள், ஒருமாதிரித் திரும்பிப் பார்ப்பார். இத்தனைக்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வழக்கில் பஸ் டிப்போவுக்குப் பெயர் சாலைதான். வவுனியா சாலை, முல்லைத்தீவு சாலை என்றுதான் எழுதுவார்கள். அதை நடத்துகிறவர் சாலை முகாமையாளர்.

டிப்போ பிரெஞ்சுச் சொல். ஆங்கிலம் அதை எடுத்தபோது கடைசி எழுத்தை உச்சரிக்காமலே எடுத்தது. நாமும் அந்த ஓசையையே வாங்கிக்கொண்டோம். மூலம் இலத்தீன், பொருள் ‘கீழே வைத்தல்’. வங்கியில் நாம் போடும் வைப்புப் பணத்துக்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். முதலில் படைகளின் பண்டங்களை வைத்த களஞ்சியம் டிப்போவானது, பிறகு வண்டிகளை வைக்கும் இடமும் டிப்போவானது. அமெரிக்கர் ரயில் நிலையத்தையே அப்படிச் சொல்வதுண்டு. மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க.

வீதியில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டிகளுக்கான நகர டிப்போ என்பது வன்னியில் இருக்கிறவருக்குக் கண்ணால் காணாத சாமான். கொழும்பில் கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடிய ட்ராம் 1960இல் நின்றுபோனது. சென்னையில் அதற்கு முன்பே, 1953இல். கல்கத்தாவில் 1873இல் முதல் ட்ராமை இழுத்தவை குதிரைகள். அந்தக் காலத்து டிப்போவில் பாதி குதிரை லாயம். மின்சாரம் வந்தபின் லாயம் போய், கூரைக்குள்ளும் மேலே கம்பி ஓடியது.

பஸ் டிப்போவில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் மற்றது அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். ட்ராமுக்கு அது முடியாது. வீதியிலிருந்து உள்ளே வரும் தண்டவாளம் விசிறிபோல் பல கிளைகளாகப் பிரியும். ஒரு கிளையில் முன்னுக்கு நிற்பது நகராவிட்டால் பின்னுக்கு நிற்பதும் நகராது. ஆகவே விடியற்காலை எது முதலில் புறப்பட வேண்டும் என்பதை, இரவு வண்டிகளை அடுக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் நிற்கும் ஆழத்தில் குழி இருக்கும். மெக்கானிக் அதில் இறங்கி நின்று அடிப்பாகத்தைப் பார்ப்பார். காய்ந்த மணலும் சேர்த்து வைத்திருப்பார்கள். மழையில் தண்டவாளம் வழுக்கினால் சில்லுக்கு முன்னால் கொட்டுவதற்கு வண்டியிலேயே மணல்பெட்டி உண்டு.

இனித் தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் டிப்போவைப் பணிமனை என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் வன்னியில் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று கந்தோர்களுக்கெல்லாம் அதுதான் பெயர். ‘ட்ராம் பணிமனை’ என்றால் நம் ஆட்கள் கோப்புகள் அடுக்கிய மேசையைத்தான் நினைப்பார்கள். சாலை என்று எழுதினால் தமிழ்நாட்டில் இடிக்கும், அவர்களுக்குச் சாலை என்றால் றோட்டு. அவர்களின் ‘சாலை மறியல்’ நமக்கு வீதி மறியல். இடத்தைக் குறிக்கும் பொருளில் சாலை பழைய சொல். பாடசாலை, வைத்தியசாலை, தொழிற்சாலை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. சோழ மன்னன் இராசராசன் ‘கலமறுத்த’தாகக் கல்வெட்டுகள் சொல்லும் காந்தளூர்ச் சாலையும் றோட்டு அல்ல. அந்த வகையில் போக்குவரத்துச் சபையின் தெரிவில் பிழை சொல்ல எதுவுமில்லை.

ட்ராமை ‘அமிழ் தண்டூர்தி’ என்று ஆக்கியவர்களும் உண்டு. தண்டவாளம் வீதிக்குள் அமிழ்ந்து கிடப்பதால் அந்தப் பெயர். அதோடு சாலையையோ பணிமனையையோ ஒட்டினால் வாசிப்பவர் பாதியிலேயே இறங்கிவிடுவார்.

என் கணக்கில், பஸ் என்றால் இங்கே சாலை, எழுத்தில் ‘போக்குவரத்துச் சாலை’ என்று ஒருமுறை விரித்துவிட்டால் போதும். பண்டம் வைக்கும் டிப்போ களஞ்சியம். ட்ராம் வண்டிகளுக்கு மட்டும் ‘ட்ராம் டிப்போ’ என்றே விட்டுவிடலாம், அது சென்னையிலும் விளங்கும், மாங்குளத்திலும் விளங்கும்.