ஹைபிரிட் காரில் கியர்பாக்ஸ் எங்கே போனது?

குடும்பக் காரின் புது மாடலில் ‘ஹைபிரிட்’ (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் சக்கரத்தைச் சுழற்றுமா?

மாருதி எர்டிகாவில் சுழற்றாது. ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இருக்க வேண்டிய இடத்தில், பெல்ட்டில் கோத்த சின்ன 12 வோல்ட் மோட்டார்தான் அதில் உண்டு. சிக்னலில் அணைந்த எஞ்சினை எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். இது மைல்டு ஹைபிரிட்.

டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் சுழற்றும். 2022 இறுதியில் வந்த இதன் 2.0 லிட்டர் ஹைபிரிட்டுக்குச் சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கி.மீ.; ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் வகைக்கு 16.13.

வித்தியாசத்தில் ஒரு பங்கு ஹைபிரிட்டின் எஞ்சினிலேயே இருக்கிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் அழுத்தும் தூரத்தைவிட, எரிந்த வாயு விரிந்து தள்ளும் தூரம் அதிகம். சைலன்சர் வழியே வீணாகும் சூடு குறைகிறது. இதை அட்கின்சன் முறை என்பார்கள். பதிலுக்கு, குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்றுகள்) இழுவை போதாது. அந்த ஓட்டையை 206 நியூட்டன் மீட்டர் இழுவை தரும் மோட்டார் அடைக்கிறது.

கியர்பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே வளையம். கோள்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றும், சூரியனோடு ஜெனரேட்டர், வளையத்திலிருந்து விசை சக்கரங்களுக்குப் போகும். டொயோட்டாவின் பழைய ஹைபிரிட் காரான பிரியஸில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78. கார் நின்றால் வளையமும் நிற்கும். அப்போது எஞ்சின் 1000 ஆர்பிஎம்மில் ஓடினால், 108-ஐ 30-ஆல் வகுத்த கணக்கில், ஜெனரேட்டர் 3600-இல் சுழலும். ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே கியர் விகிதம் மாறியதற்குச் சமம். கிளட்ச் வேண்டாம். எஞ்சினைக் கிளப்புவதும் அதே ஜெனரேட்டர்தான் என்பதால் தனி ஸ்டார்ட்டரும் வேண்டாம். அழகான வேலை!

பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்சாரம் ஆக்குவதால் நகர நெரிசலில்தான் லாபம் அதிகம். நான்குவழிச் சாலையில் ஒரே சீராக 100-இல் போனால் மீட்க ஒன்றுமில்லை.

நெரிசலில் சிலர் நியூட்ரலில் போட்டுவிட்டு ஏசியோடு காத்திருப்பார்கள். அது தப்பு. நியூட்ரலில், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தபடி ‘டி’யிலோ (டிரைவ்), நேரமானால் ‘பி’யிலோ (பார்க்) இருப்பதே சரி.

பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பல மாடல்களில் இருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரம் வழியே போகிறது. அங்கே பையையோ போர்வையையோ வைத்து அடைக்கக் கூடாது; தூசி அடைத்த வடிகட்டியைச் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி கிளம்பாவிட்டால் பெரிய பேட்டரியை நினைத்துப் பதற வேண்டாம். அநேகமாகச் செத்திருப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எனும் மின்சுவிட்சுகளுக்கு அதுதான் மின்சாரம் தருகிறது. ஜம்பர் கேபிள் போட்டால் போதும். ஆனால் உங்கள் ஹைபிரிட்டிலிருந்து பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். அதன் ஸ்டார்ட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தருவதற்கு இது கட்டப்பட்டதல்ல.