புளோரைடு: இளக்கியின் பெயரில் ஓர் இறுக்கி

பற்பசைக் குழாயின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் சொல் இது. புளோரைடு, ஃபுளோரைடு, ஃப்ளோரைடு, புளூரைடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சிலர் ‘பற்பசையில் புளோரின் இருக்கிறது’ என்றே எழுதிவிடுகிறார்கள். எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. படிப்பவரை வீணாகப் பயமுறுத்தும் பிழை இது.

புளோரின் என்பது தனிமம். வெளிர்மஞ்சள் நிற நச்சு வாயு, ஏறக்குறைய எதனோடும் வினைபுரியும். அதன் அணு ஓர் எலக்ட்ரானைப் பெற்று அயனியானால் அதற்குப் பெயர் புளோரைடு. இந்த அயனி உள்ள சேர்மங்களையும் அப்படியே அழைக்கிறோம்: சோடியம் புளோரைடு, வெள்ளீயத்தின் உப்பான ஸ்டானஸ் புளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடுதான். அதற்காக உப்பு சாப்பிடுகிறவர் குளோரின் வாயுவைச் சாப்பிடுகிறார் என்று யாரும் சொல்வதில்லையே!

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘ஃப்ளுவேரே’ என்றால் ஓடுதல், பாய்தல். தாதுவை உருக்கும்போது ஒருவகைக் கல்லைச் சேர்த்தால் கலவை எளிதாக இளகி ஓடும். சுரங்கத் தொழிலாளர்கள் அறிந்திருந்த அந்தக் கற்களை 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா ‘ஃப்ளுவோரெஸ்’ என்று இலத்தீனில் குறித்தார். இன்று புளோர்ஸ்பார் எனப்படும் அந்தக் கனிமம் கால்சியம் புளோரைடு. அதற்குள் ஒளிந்திருந்த தனிமத்துக்கு, குளோரின் என்ற பெயரின் சாயலில் புளோரின் என்று பெயரிடலாம் என 1812இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியர், ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்கு எழுதினார். அப்போது அதை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. 1886இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி முவாசான் அதைச் செய்து முடித்தார். ஆம்பியரே பின்னர் மனம் மாறி, கிரேக்கத்தில் அழிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வேறொரு பெயரைச் சொன்னார். ரஷ்ய மொழியில் இன்றும் அந்த வழியில் ‘ஃப்தோர்’ என்றே வழங்குகிறது.

எனக்குப் பிடித்தது இங்கே இருக்கும் முரண். கல்லை இளக்குவதற்காகப் பெயர் பெற்றது, பல்லை இறுக்குகிறது. பல்லின் மேலுறையான பற்சிப்பி, ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்களால் ஆனது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்க, பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5 அளவுக்குக் கீழே இறங்கும்போது படிகம் கரையத் தொடங்குகிறது. சொத்தையின் தொடக்கம் அது. எச்சிலில் கொஞ்சம் புளோரைடு இருந்தால், கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பவும் படிவது விரைவாகிறது. அப்புறம், புதிதாகப் படிவது, புளோரைடு கலந்த அபடைட்டான புளோரபடைட் சேர்ந்த படிகம். அது ஏறக்குறைய பிஎச் 4.5 வரை தாங்கும். வழக்கமான பற்பசையில் பத்து லட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்கு புளோரைடு இருந்தாலே இந்த வேலை நடந்துவிடுகிறது.

அளவு மீறினால் தீங்குதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பல் உருவாகும் வயதில் புளோரைடு மிகுதியாக உள்ளே போனால் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும்.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? புளோரினுக்கு ‘வினைவியம்’ என்ற தனித்தமிழ்ப் பெயர் உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றோடும் வினைபுரியும் குணத்தைப் பிடித்த நல்ல ஆக்கம். ஆனால் புளோரைடு என்றதும் சிக்கல் வருகிறது. குளோரைடு, சல்பைடு, ஆக்சைடு என்ற வரிசையில் ‘ஐடு’ என்ற ஈறு, அந்தத் தனிமத்தின் அயனி உள்ள சேர்மம் என்ற பொருளைச் சுமக்கிறது. ஒரு சொல்லை மட்டும் தனித்தமிழாக்கினால் அந்த வரிசை அறுந்துபோகும். ‘இளக்கியம்’ என்று வேர்ப்பொருளை வைத்து ஆக்கலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். ‘இளக்கி’ ஏற்கெனவே உலோகவியலில், தாதுவை உருக்கத் துணையாகச் சேர்க்கும் பொருளுக்கு நிலைத்துவிட்டது, குழப்பமே மிஞ்சும். ஆகவே புளோரைடு என்றே எழுதுவோம், முன்னால் ஆய்தம் இல்லாமல். எஃகு, அஃது போலக் குற்றெழுத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவில் வருவதுதான் ஆய்தத்தின் இயல்பு.

அதைச் சுற்றிய சொற்களையாவது தமிழாக்கிக்கொள்ளலாம். பல் மருத்துவர் தூரிகையால் தடவுவதைப் புளோரைடுப் பூச்சு என்போம். புளோரைடு மிகுதியால் வரும் பாதிப்பான ஃபுளோரோசிஸ் பற்களில் தெரிந்தால் அதற்குப் புளோரைடுப் பற்கறை என்பது போதும்.