மில்கிராம் ஷாக் சோதனையும் அந்த 150 வோல்ட்டும்

1961ல யேல் யுனிவர்சிட்டில ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு சைக்காலஜிஸ்ட், மேல இருக்கறவர் சொன்னா ஜனங்க எவ்வளவு தூரம் கீழ்ப்படிவாங்கன்னு பாக்க ஆரம்பிச்ச ஷாக் சோதனைய இன்னிக்கு அப்படியே பண்றேன்னு போய் நின்னா எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது. ஆனா ஜெர்ரி பர்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பெர்மிஷன் வாங்கி அதையே திரும்ப பண்ணி, 2009ல பேப்பரும் போட்டாரு. எப்படி விட்டாங்கங்கறதுதான் மேட்டரே.

முதல்ல பழைய கதை. ஞாபகசக்தி ஆராய்ச்சினு விளம்பரம் குடுத்து, 4 டாலர், போக்குவரத்துக்கு 50 சென்ட்னு ஆள் சேர்த்தாங்க. வந்தவர்தான் வாத்தியார், அடுத்த ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொல்ல சொல்ல இவர் ஸ்விட்ச் போடணும், 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 450 வரைக்கும் மொத்தம் 30 ஸ்விட்ச். ஷாக்கும் டூப்பு அந்த ஆளும் செட்டப்பு, ஆனா இவருக்கு அது தெரியாதே, வேர்த்து கொட்டி வாய் குழறி நடுங்கிட்டே போட்டிருக்காங்க. காசு வந்ததுக்குத்தான், என்ன நடந்தாலும் உங்களுதுன்னு முன்னாடியே சொல்லியாச்சு, ஆனா போதும் சார்னு எழுந்தா "வேற வழியே இல்ல, நீங்க தொடரணும்"னு சோதனைய நடத்துறவர்கிட்டேருந்து பதில் வரும். இதத்தான் 1964ல டயானா பாம்ரிண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கிழிச்சு எழுதுனாங்க. உண்மைய கூட எல்லாருக்கும் அன்னிக்கே முழுசா சொல்லல, சிலருக்கு பின்னாடி தபால்ல வந்த ரிப்போர்ட்ல தான் தெரிஞ்சுது.

பர்கர் மில்கிராமோட பழைய நம்பர்கள நோண்டி பாத்தாரு. ஒரு ரவுண்டுல 150 வோல்ட்ல அந்த ஆள் "என்ன வெளிய விடுங்க"ன்னு முதல் தடவையா கத்துவாரு, 40 பேர்ல 33 பேர் அதையும் தாண்டி போனாங்க, அந்த 33ல 26 பேர் 450 வரைக்கும் போய்ட்டாங்க. அப்போ 150 தாண்ட ரெடியான்னு பாத்தாலே முக்கால்வாசி விடை கெடைச்சிருது, மிச்ச 300 வோல்ட்டுக்கு ஒருத்தர வதைக்க வேண்டியதில்ல. எனக்கு இது ரொம்ப புடிச்ச ஐடியா, எதிக்ஸ் ரூல் வந்தா ஆராய்ச்சியே படுத்துரும்னு பொலம்புறவங்க இத பாக்கணும்.

அதோட, மனசளவுல தாங்க மாட்டாங்கனு தோணுனவங்கள ஆரம்பத்துலயே கழிச்சுட்டாங்க. எப்ப வேணா போலாம், 50 டாலர் உங்களுதுதான்னு மூணு தடவை சொன்னாங்க, அதுல ரெண்டு தடவை எழுத்துல. சோதனைய நடத்துனதே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், யாராவது ரொம்ப தவிச்சா உடனே நிறுத்தலாம். முடிஞ்ச சில செகண்ட்லயே ஷாக் பொய்னு சொல்லிட்டாங்க, அந்த ஆளும் நல்லாத்தான் இருக்கேன்னு நேர்ல வந்து நின்னாரு.

பர்கர் சோதனையில 40 பேர்ல 28 பேர் 150 தாண்ட ரெடியா இருந்தாங்க.

ஆனா ஒண்ணு இடிக்குது. எப்ப வேணா போலாம்னு மூணு தடவை சொல்லிட்டு, நடுவுல தயங்குனா அதே பழைய "வேற வழியே இல்ல" டயலாக்க பர்கரும் வச்சிருந்தாரு. அத எடுத்துட்டா சோதனையே இல்லங்கறது வாஸ்தவம்தான், ஆனா அந்த நிமிஷத்துல சேர்ல உக்காந்திருக்கறவர் கையெழுத்து போட்ட பேப்பர நம்புவாரா, எதிர்ல நிக்கற ஆள நம்புவாரா?