பியானோ பெடலும் மரத்துப்போன பாதமும்

ஷிர்லி ஹார்ன் 1934-ல் வாஷிங்டனில் பிறந்த ஜாஸ் பாடகி. பியானோவும் அவரே வாசிப்பார். பாடல்களை ரொம்ப நிதானமாக எடுத்துப் போவார். ஒரு வரி முடிந்ததும் குரல் காத்திருக்கும், பியானோ பேசும். விரல் கட்டையை விட்ட பிறகும் அந்த நாதம் நிற்கக் காரணம் கால்தான். வலது பெடலை மிதித்திருக்கும்வரை தந்திகளை அடக்கும் மெத்தைகள் விலகியே நிற்கும்.

2003-ல் வெளிவந்த ‘மே தி மியூசிக் நெவர் எண்ட்’ ஆல்பத்தில் அவர் பாடினார், வாசிக்கவில்லை. சர்க்கரை நோயின் பாதிப்பால் அவருடைய பாதம் ஒன்றை எடுக்கவேண்டி வந்திருந்தது. பியானோவில் ஜார்ஜ் மெஸ்டர்ஹேசி, இரண்டு பாடல்களில் அகமது ஜமால். இருவரும் பிரமாதம்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்ப்பதே என் வேலை. அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மனசு பெடலுக்கே போய்விடுகிறது.

ஒருமுறை ஒரு பெரியவரின் ஷூவைக் கழற்றித் தட்டினேன். சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தது. அது இருந்த இடத்தில் உள்ளங்கால் குழிந்து, தோல் உரிந்து ஈரமாக இருந்தது.

“ஐயா, இது உறுத்தலையா?”

“வலியே இல்லையே டாக்டர். அதனால நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சேன்.”

இந்த நினைப்புதான் ஆபத்து. பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் நரம்புகள் கெட்டு உணர்வு மரத்துப்போகும், அதுவும் கால் விரல் நுனியில்தான் முதலில். ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்புவரை இறங்கிவிட்டால் பாதத்தைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

அதனால் தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிவிடுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் நீங்களே சீவவே வேண்டாம். சின்னப் புண்ணோ, சிவப்போ, வீக்கமோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை அவசியம்.

ஹார்ன் 2004-ன் கடைசியில் மறுபடி பியானோ முன் உட்கார்ந்தார். நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னால் வாசித்தார். 2005 அக்டோபரில் காலமானார்.

பாதப் பரிசோதனையில் ஒரு இசைக்கருவியும் உண்டு. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை, அதாவது டியூனிங் ஃபோர்க். அதைத் தட்டி, கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொல்வோம். அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, வைத்தவுடனே “நின்னுடுச்சு டாக்டர்” என்றார். என் விரல்களுக்குள் அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.