இலவச வக்கீல்: ஒவ்வொரு கோர்ட்டிலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்

பாகப்பிரிவினையோ ஜீவனாம்சமோ, கோர்ட் என்றதும் வக்கீல் பீஸை நினைத்துத்தான் நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். வந்த சம்மனை பீரோவில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நாம் ஆஜராகாமலே, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்ற பிறகு ஓடி வருகிறார்கள். அப்படி வீட்டை இழந்தவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். அரசு செலவில் வக்கீல் என்பது யாரும் போடும் பிச்சை அல்ல. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை.

முதலில் கோர்ட் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இருப்பதுபோல் மத்திய அரசுச் சட்டத்துக்கு ஒரு கோர்ட், மாநிலச் சட்டத்துக்கு ஒரு கோர்ட் என்று இங்கே பிரிவு இல்லை. எல்லாம் ஒரே ஏணிதான். கீழே முன்சிப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும். அதற்கு மேல் சப் கோர்ட், மாவட்ட நீதிமன்றம். பிறகு உயர் நீதிமன்றம்: சென்னையில் ஒன்று, தென் மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை. கடைசியாக டெல்லியில் உச்ச நீதிமன்றம்.

இலவச சட்ட உதவிக்கும் இதே வரிசையில் அலுவலகங்கள் இருக்கின்றன. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு, மாவட்ட கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் தனித்தனிக் குழுக்கள். வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறதோ அங்கே உள்ள அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கணவன் வீட்டை விட்டு வெறுங்கையோடு வந்த பெண்ணிடம் "வருமானச் சான்று கொண்டு வாம்மா" என்று சொல்லி அனுப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாசில்தார் ஆபீஸுக்குப் போனால் ரேஷன் கார்டு கணவன் பெயரில் இருக்கிறது என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டால் கொடுப்பாரா? அதற்குள் இரண்டு வாய்தா போய்விடும். சட்டம் கேட்காத காகிதத்துக்காக இந்த அலைச்சல்! "நான் பெண், பிரிவு 12இன்படி எனக்கு வருமானம் பார்க்கத் தேவையில்லை" என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்றத்துக்கு 5 லட்சம். இதற்கும் தாசில்தார் சான்று இல்லாமல் முடியாது என்பதில்லை. வருமானம் பற்றி நீங்களே பிரமாண வாக்குமூலம் கொடுக்கலாம். சந்தேகப்படக் காரணம் இல்லாவிட்டால் அதையே ஏற்கலாம் என்று பிரிவு 13 சொல்கிறது.

எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் அங்கே இருப்பவர்கள் மனுவாக எழுதிக்கொள்ள வேண்டும். மனு கொடுத்த 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் தேதியும் முத்திரையும் போட்ட நகல் உங்கள் கையில் இல்லாவிட்டால் அந்த 7 நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாது. "அடுத்த வாரம் வாங்க" என்று வாயால் சொல்வதை நம்பித் திரும்பி வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு.

நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாம் இந்த உதவியில் அடங்கும். "டைப்பிங் செலவு, குமாஸ்தா படி" என்று ஆரம்பித்தால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். வாய்தாவுக்கு வராத வக்கீலையும் மாற்றித் தரக் கேட்கலாம். ஏற்கெனவே சொந்தமாக வைத்த வக்கீல், பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் காகிதக் கட்டைத் தர மறுத்தால் அதுவும் தவறு. பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மிகப் பெரிய பள்ளம் அப்பீலில் இருக்கிறது. கீழ்க் கோர்ட்டில் தோற்றதும், "நம்ம கவர்மெண்ட் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அவருடைய வேலை அந்தக் கோர்ட்டோடு முடிந்துவிட்டது. மேலே போக, மேல் கோர்ட்டின் சட்ட உதவிக் குழுவிடம் புதிதாக மனு போட வேண்டும். சிவில் வழக்கில் மாவட்ட கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள்தான் கெடு. எனவே தீர்ப்பு வந்த அன்றே அதன் நகல் கேட்டு மனு போடுங்கள். நகலில் மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, கையில் கொடுத்த தேதி எல்லாம் முத்திரையில் இருக்கும். மனு போட்டதிலிருந்து தயாரானது வரையுள்ள நாட்கள்தான் கெடுவில் கழியும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான் சேரும். இதை யாரும் கவுண்டரில் சொல்வதில்லை. கிரிமினல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகவே, உடனே கொடுக்க வேண்டும்.

கைதானவர்கள் விஷயத்தில் கேட்கும்வரை காத்திருக்கவே கூடாது. முதன்முதலில் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தும்போதே, வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு என்று மாஜிஸ்திரேட்டே சொல்ல வேண்டும். பீகார் பாகல்பூர் கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சொல்லாவிட்டால், "ஐயா, எனக்கு வக்கீல் இல்லை" என்று சத்தமாகச் சொல்லும்படி உங்கள் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரு தரப்பும் சமரசமாக வழக்கை முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) கையெழுத்துப் போடும்போதும் கவனம் வேண்டும். அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. தொகை திருப்தி இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும். "இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்று யார் அவசரப்படுத்தினாலும், உத்தரவைத் தமிழில் முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அதற்கென்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண் (சிஎன்ஆர் எண்) ஒன்று இருக்கும். வக்கீலிடம் அதைக் கேட்டு வாங்கி, இகோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.