60 மீற்றரை மறுபடி சுருக்காதீர்கள்

சிறப்புச் சார்புக் கொள்கைக் கணக்குகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது: ஓர் அவதானிக்கு ஏற்கெனவே சுருங்கிய நீளத்தை இன்னோர் அவதானிக்காக மறுபடி சுருக்குவது. உயர்தரம் முடித்துப் பௌதிகவியல் படிக்கப் போகும் எங்கள் பிள்ளைகள் தயவுசெய்து இதை ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள்.

கணக்கு இதுதான். தரை சார்பாக விண்கலம் 'அ' வலப்புறம் 0.6 ஒளிவேகத்தில் போகிறது; 'ஆ' இடப்புறம் 0.8 ஒளிவேகத்தில் வருகிறது. இரண்டினதும் ஓய்வுநீளம், அதாவது கலத்தோடு சேர்ந்து போகிறவர் அளக்கும் நீளம், 100 மீற்றர். 'அ'வில் இருப்பவர் அளக்கும் 'ஆ'வின் நீளம் என்ன?

ஓடும் பொருளின் ஓய்வுநீளத்தை √(1 − வேகம்²) என்ற சுருக்கக் காரணியால் பெருக்கவேண்டும் (வேகம் ஒளிவேகத்தின் பங்காக); தரைக்கு அது 'அ'வுக்கு 0.8, 'ஆ'வுக்கு 0.6. ஆகவே தரைக்கு 'ஆ' 60 மீற்றர். இதுவரை சரி. அந்த 60ஐ எடுத்து 'அ'வின் காரணி 0.8ஆல் பெருக்கி 48 என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் புள்ளி போகிறது. சுருக்கச் சூத்திரம் ஓய்வுநீளத்தில் மட்டுமே தொடங்கும். 60 என்பது 'ஆ'வின் இரு முனைகளையும் தரைக் கடிகாரங்களின்படி ஒரே கணத்தில் குறித்துப் பெற்ற இடைவெளி. அந்த இரு குறிப்புகளும் 'அ'வுக்கு ஒரே கணத்தில் நடந்தவை அல்ல. பிறகு எப்படி அது 'அ'வின் கணக்குக்குள் வரும்?

முதலில் சார்பு வேகம், அதாவது 'அ' அளக்கும் 'ஆ'வின் வேகம். இணைந்த கணிதப் பழக்கத்தில் 0.6 + 0.8 = 1.4 என்று போட்டால் வர்க்கமூலத்துக்குள் மறை எண் வரும். ஏ-9 வீதியில் எதிரெதிரே வரும் பஸ்களுக்கு அந்தக் கூட்டல் போதும், இங்கே போதாது. 1.4ஐ (1 + 0.6 × 0.8), அதாவது 1.48ஆல் வகுக்க 0.946. அதற்குக் காமா, அதாவது 1 ÷ சுருக்கக் காரணி, 3.083. ஆகவே நீளம் 100 ÷ 3.083 = 32.4 மீற்றர்.

அதற்காக 1.4ஐக் கண்டு பயப்படவும் வேண்டாம். தரையில் நின்று இடைவெளி குறையும் வீதத்தைக் கேட்டால் அதுதான் விடை. எந்தப் பொருளும் அந்த வேகத்தில் ஓடவில்லை. முன்முனைகள் சந்தித்ததிலிருந்து பின்முனைகள் விலகும் வரை தரைக்கு ('அ'வின் 80 + 'ஆ'வின் 60) மீற்றர் ÷ 1.4 ஒளிவேகம், ஏறத்தாழ 0.33 மைக்ரோ செக்கன். 'அ'வுக்கு (100 + 32.4) ÷ 0.946 ஒளிவேகம், 0.47 மைக்ரோ செக்கன். ஒரு வரியில் இரண்டு அவதானிகளின் எண்களைக் கலக்காதீர்கள்.

சாய்ந்த கோல் என்றால் இயக்கத் திசைக் கூறு மட்டும் சுருங்கும். "சுருங்கித் தெரியும்" என்றும் எழுதவேண்டாம், "அளக்கப்படும்" என்று எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியும் தோற்றம் வேறு என்பதை 1959இல் பௌதிகவியலாளர்களான டெரலும் பென்றோசும் காட்டிவிட்டார்கள்.

விடையைச் சரிபார்க்க, தரை சார்பான வேகங்களின் இரு காமாக்களையும் அந்த 1.48ஐயும் பெருக்குங்கள்: 1.25 × 1.667 × 1.48. 3.083 வராவிட்டால் சார்பு வேகத்தை மறுபடி போடுங்கள்.